பாதி மரம் பச்சை

அத்தியாயம் ஒன்பது

"மரத்துக்கு உடம்பு சரியில்லையா பாஸ்? பாதி நீலம் பாரிச்சுக் கிடக்கு."

பட்டாசு கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. அறையில் அவளைத் தவிர இரண்டே பேர். ஒருவர் அருங்காட்சியகத்தின் கேமராக்காரர். பழைய பொருள்களைப் படம் எடுப்பது அவர் வேலை, சிரிப்பது அதில் சேராது. மற்றவர் அவளுடைய முதலாளி. பேசாமல் விழித்து விழித்தே எதிராளியைக் கரைத்துவிடுவதால் அவரைத் தொழில் வட்டாரத்தில் கோட்டான் என்பார்கள். வாயை மூடத் தெரியாததால் அவள் பட்டாசு. சொந்தப் பெயரில் இருவரையும் கூப்பிட இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் பாக்கி.

ஜன்னல் இல்லாத அறை. நீள மேஜை. அதன்மேல் ஆள் உயரத்துக்கு இரண்டு துணிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் சேர்ந்தால் ஒரு மரம். பல நூறு வருடங்களுக்கு முன் யாரோ வேரிலும் பூவிலும் அவுரியிலும் சாயம் எடுத்து எழுதிய மரம். இடது பாதியில் இலைகள் எல்லாம் நீலம். வலது பாதியில் பச்சை.

இந்த வலது பாதிதான் காணாமல் போயிருந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிய கூடம் திறப்பதற்கு முந்தைய இரவு துணி போனது. அன்றைய இரவுக் காவலாளியும் போனான். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று போலீஸ் எழுதியது, ஊர் பேசியது. போன மாதம் அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு நீளப் பொட்டலம் அருங்காட்சியக வாசலில் கிடந்தது. உள்ளே வலது பாதி.

செய்தியைப் பார்த்துவிட்டு மறுநாளே காவலாளியின் அக்கா இவர்களுடைய துப்பறியும் அலுவலகத்தைத் தேடி வந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். தம்பியின் கைபேசி எண் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று இன்றுவரை மாதம் தவறாமல் அதற்கு ரீசார்ஜ் செய்கிறவள். நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்: "அவன் திருடனா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாம். துணியைத் திருப்பி அனுப்பியிருக்கான்னா எங்கயோ இருக்கான். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

கண்டுபிடித்துவிடலாம் அக்கா என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தது பட்டாசுதான். கோட்டான் வெறுமனே விழித்தார்.

"நீலம் பாரிச்சது நோய் இல்லம்மா, வயசு" என்றார் கேமராக்காரர். "அந்தக் காலத்துல பச்சைன்னு தனியா ஒரு சாயம் கிடையாது. நீலத்துல முக்கி, அதுக்கு மேல மஞ்சள் ஏத்துவாங்க. வெளிச்சம் பட்டா மஞ்சள் முதல்ல செத்துடும். நீலம் கெட்டி, அது மட்டும் நிக்கும். இடது பாதியை இத்தனை வருஷமா கூடத்துல விளக்குக்குக் கீழ மாட்டி வச்சிருந்தோம். அதான் இப்படி."

"வலது பாதி?"

அவர் அறை விளக்கை அணைத்து, ஊதா விளக்கு ஒன்றைப் போட்டார். இடது பாதி இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. வலது பாதியின் இலைகள் பூனைக்கண் மாதிரி மினுங்கின.

"மஞ்சள் உயிரோட இருந்தா இந்த விளக்குல மினுங்கும். பாருங்க, ஒவ்வொரு இலையும்! எங்க துணிப் பிரிவுத் தலைவர் நேத்து இதைப் பாத்துட்டு அழுதுட்டார். அவர் அப்பவே சொன்னவர். கூடத்துல மாட்டாதீங்க, வெளிச்சம் தின்னுடும்னு மேலிடத்துல ஆளாளுக்குக் கெஞ்சினார். யார் கேட்டாங்க?"

பட்டாசுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாரக்கணக்கில் அலைந்ததில் கிடைத்த முதல் நல்ல சேதி. அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு அறையின் மூலைக்குப் போனாள்.

"அக்கா, நான்தான். துணி புதுசு மாதிரி இருக்குக்கா. வச்சிருந்த ஆள் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டிருக்கார்."

மறுமுனையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது. "அவனா?" என்றாள் அக்கா. பிறகு, இவர்களிடம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சிரித்தாள். "சட்டையைக் கழட்டுனா அது எங்க விழுதோ அதான் அவனுக்கு அலமாரி. போர்வையை ஒருநாள் மடிச்சது கிடையாது. அவனா ஒரு துணியை இப்படிப் பத்திரமா வச்சிருந்தான்? அப்போ கல்யாணம் ஆகியிருக்கும்டி. பொண்டாட்டி வந்துதான் இந்தப் பொறுப்பெல்லாம் வந்திருக்கும். பிள்ளைகூட இருக்கலாம்."

"இருக்கும்க்கா. அத்தை ஆயிட்டீங்க, இப்பவே ரெண்டு கவுன் வாங்கி வச்சுக்குங்க."

அவள் திரும்பியபோது கோட்டான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, துணியைத் தொடாமல், மூக்கு மட்டும் மேலே மிதக்கும்படி நின்றிருந்தார்.

"போர்வையை மடிக்க மாட்டானாமா?"

"ஒட்டுக் கேட்டீங்களா பாஸ்? ஆமா. சுத்தச் சோம்பேறி. உங்க மேஜை மாதிரி."

"அவன் ஒரு துணியைத் திருடுனா என்ன பண்ணுவான்?"

"அள்ளிச் சுருட்டிப் பைக்குள்ள திணிப்பான்."

"மடிப்பு எங்க சார்?" என்று கோட்டான் கேமராக்காரரைக் கேட்டார்.

கேமராக்காரர் ஊதா விளக்கைத் துணியோடு கூடவே நகர்த்திக் காட்டினார். மடித்து வைத்த துணியில் மடிப்பு விழுந்த இடத்தில் நூல் செத்துப்போகும், சாயம் உதிரும், விளக்கில் கறுப்பாகக் கோடு தெரியும். இதில் ஒரு மடிப்புகூட இல்லை. கசங்கலும் இல்லை.

"அப்போ மடிக்கல. சுருட்டியிருக்கு. குழாயில சுருட்டி" என்றார் கோட்டான். "அப்படி யார் வைப்பாங்க?"

"நாங்க" என்றார் கேமராக்காரர் சாதாரணமாக. "துணிப் பிரிவுல எல்லாத்தையும் அப்படித்தான் வைப்போம். படம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி. தெரியாதவங்க படம் கெட்டுடும்னு உள்பக்கம் வச்சுச் சுருட்டுவாங்க. அது தப்பு."

"இது எப்படிச் சுருட்டியிருந்தது?"

கேமராக்காரர் கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். ஊதா விளக்கில் எடுத்தது. துணியின் கடைசி ஓரம், குழாயில் சுருட்டினால் எல்லாவற்றுக்கும் மேலே வருகிற முழம் அளவு. அந்த ஓரத்து இலைகளில் மட்டும் மினுக்கம் அங்கங்கே அறுபட்டிருந்தது. மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, பென்சிலால் கிழித்த மாதிரி.

"வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் நானே பாத்தேன். என்ன கறைன்னு புரியல. துணிப் பிரிவுத் தலைவர்கிட்ட இன்னும் காட்டல."

"கறை இல்ல" என்றார் கோட்டான். "வெளிச்சம். படம் வெளிப்பக்கமாத்தான் இருந்திருக்கு, உங்க ஆளுங்க சுருட்டுற மாதிரி."

கோடுகள் சம இடைவெளியில் இல்லை. அகலம், அகலம், குறுகல், அகலம். மீண்டும் அகலம்.

"வருஷக்கணக்கா ஒரே இடத்துல, அசையாம நின்னிருக்கு. முன்னாடி பலகை மறைப்பு. பலகை இடுக்கு வழியா வெளிச்சம் தினம் அதே இடத்துல விழுந்திருக்கு. ஒரு பலகை மட்டும் ஒல்லி." கோட்டான் நிமிர்ந்தார். "இந்த ஓரத்தை அசல் அளவுல எனக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்க. அப்புறம், இந்தக் கட்டடத்துல பலகை அடிச்சு மூடின இடம் எது?"

"இந்தக் கட்டடத்துலயா?" கேமராக்காரர் முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தார். கோட்டானின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "பின்கட்டுல பழைய சரக்கு லிஃப்ட். கூண்டைக் கழட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. வெறும் குழிதான். அடுத்த மாசம் பிரிச்சுப் புது லிஃப்ட் வைக்கப்போறாங்க."

"பலகை எப்ப அடிச்சது?"

அவர் யோசித்தார். வருடங்களை விரல்விட்டு எண்ணினார். "துணி போன சமயத்துலதான். பூச்சி மருந்து அடிக்கணும்னு பின்கட்டையே ரொம்ப நாள் பூட்டி வச்சிருந்தாங்க. யாரும் அந்தப் பக்கம் போகல. மருந்து நாத்தம்."

பட்டாசு கைபேசியைப் பைக்குள் போட்டாள். அது கனத்தது.

பின்கட்டு நடையில் உடைந்த காட்சிப் பெட்டிகளும் கால் இல்லாத நாற்காலிகளும் கிடந்தன. பேசாமல் நடந்தால் என்னவோ ஆகிவிடும் என்று பட்டாசு பேசிக்கொண்டே போனாள்.

"பாஸ், எல்லாக் கட்டடத்துலயும் பலகை இருக்கும். எங்க வீட்டுப் பரண்லகூட ஒண்ணு ஒல்லிதான். அடிச்ச தச்சனும் ஒல்லி. வேற எங்கயோ கொண்டுபோய் வச்சிருந்துட்டு..."

கோட்டான் நின்றார்.

நடையின் கடைசியில் லிஃப்ட் வாசல். அதன் குறுக்கே படுக்கைவசமாகப் பலகைகள். எதிர்ச் சுவரில் கம்பி போட்ட ஜன்னல். சாயங்கால வெயில் அதன் வழியாக நேரே வந்து பலகைகள்மீது அப்பிக்கொண்டிருந்தது. இடுக்குகளில் மட்டும் உள்ளே நுழைந்தது.

அவர் பிரதியை விரித்து, செங்குத்தாகப் பலகைகளின் ஓரத்தில் பிடித்தார். அகலம், அகலம், குறுகல், அகலம். ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு இடுக்கில் போய் உட்கார்ந்தது.

பட்டாசு பலகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே மேலே போனாள்.

மேல் பலகைகள் இரண்டில் ஆணிகள் துருப்பிடிக்காமல் பளபளத்தன. மற்றவற்றில் துரு.

"பிரிச்சுப் பாக்கலாமா பாஸ்?"

"முதல்ல இதை அடிச்ச ஆளு. பலகை எங்கயும் ஓடிப் போகாது" என்றார் கோட்டான். பிரதியைச் சுருட்டிக்கொண்டே, "உள்ள இருக்கறதும்" என்றார்.

துணிப் பிரிவுத் தலைவரின் அறையில் திரைகள் இழுத்து மூடியிருந்தன. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். மெலிந்த, சாந்தமான மனிதர். கையுறையைக் கழற்றிக்கொண்டே எழுந்து நின்று வரவேற்றார். மேஜைவிளக்கின்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

"உக்காருங்க. அந்தக் காவலாளியைப் பத்தி எதாவது தெரிஞ்சுதா? பாவம் அந்த அம்மா."

"இன்னும் இல்ல சார்" என்றார் கோட்டான். "ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம். வலது பாதியிலயும் மங்கல் இருக்கு."

"இருக்காது."

"கோடு கோடா. கடைசி ஓரத்துல. ஊதா விளக்குல பாத்தோம். வெளிச்சம் பட்டிருக்கு சார். அந்த இடத்துல மஞ்சள் போயிடுச்சு."

தலைவரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. கையுறை கீழே விழுந்தது. "எவ்வளவு தூரத்துக்கு? இலையா, பறவையா? பறவை இருக்கற பக்கமா?" கேட்டுக்கொண்டே மேஜையைச் சுற்றி வந்தார். "வெளிச்சம் எப்படிப் படும்? பலகைக்கு உள்பக்கமா கறுப்புத் துணி வச்சு அடிச்சிருந்தேனே!"

பட்டாசு கதவைச் சாத்தினாள்.

"கறுப்புத் துணி இத்துப்போயிருக்கும் சார்" என்றார் கோட்டான் மெதுவாக. "வெளிய எடுக்கும்போது நீங்க பாக்கலையா?"

தலைவர் உட்கார்ந்தார். தரையில் கிடந்த கையுறையைப் பார்த்தார். மறுக்க ஆரம்பிப்பார் என்று பட்டாசு எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை.

"பாக்கல. ரெண்டு பலகையைப் பிரிச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கையை மட்டும் உள்ள விட்டு எடுத்தேன். கண்ணைத் திறந்தா கீழ பாத்திருப்பேன்."

"அன்னிக்கு ராத்திரி என்ன நடந்தது?"

"ரெண்டையும் எடுத்து மறைக்கத்தான் நினைச்சேன். ஒண்ணுதான் முடிஞ்சது. லிஃப்ட் வாசலைத் திறந்து வச்சுட்டுக் குழாயைத் தூக்கிட்டு வந்தேன். அவன் வாசலை மறைச்சுக்கிட்டு நின்னான். 'சார், இதை எங்க கொண்டு போறீங்க'ன்னு ஒரு முனையைப் பிடிச்சான். மறு முனை என் கையில. ரெண்டு பேரும் இழுத்தோம். துணி கிழிஞ்சுடும், விட்டுடுன்னு கத்தினேன்."

"விட்டானா?"

"உடனே விட்டுட்டான். நான் சொன்னதும் பயந்து விட்டுட்டான். பின்னால குழி."

பட்டாசு தன் குரலைத் தானே கேட்டாள். யாரோ வேறொருத்தி பேசுகிற மாதிரி இருந்தது. "கூப்பிட்டானா? கீழ இருந்து?"

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கிறவரின் முகம்.

"ஏதோ சத்தம் கேட்டது. ரொம்ப நேரம்னு சொல்ல முடியாது. நான் துணியைச் சரியாச் சுத்திக்கிட்டிருந்தேன். கலைஞ்சு போயிருந்தது."

கோட்டான் எழுந்தார். "போலீசுக்குப் போன் பண்ணு" என்றார் பட்டாசிடம். பிறகு வாசல்வரை போய்த் திரும்பினார். "ஏன் சார் திருப்பிக் கொடுத்தீங்க?"

"வேலைக்காரங்க குழியைத் திறந்தா துணியைக் கடப்பாரையால இழுப்பாங்க" என்றார் தலைவர். "எந்த இலைன்னு நீங்க இன்னும் சொல்லல."

போலீஸ் வந்து பலகைகளைப் பிரிக்கும்போது ஜன்னல் வெயில் மங்கத் தொடங்கியிருந்தது. கறுப்புத் துணி நூல் நூலாகத் தொங்கியது. வாசலுக்கு உள்ளே சுவரோரம் ஒரு மேடை, குழாய் நின்ற வட்டம் தூசியில் பதிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் டார்ச்சைக் கீழே அடித்தார். பட்டாசு பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பார்த்தாள்.

அத்தனை வருடமும் துணியில் ஒரு மடிப்பு விழவில்லை. ஆள் மடிந்து கிடந்தான். சீருடையின் நிறம் அப்படியே இருந்தது. அதற்கும் வெளிச்சம் எட்டவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு இருவரும் நடந்தே போனார்கள். வழியில் பட்டாசு ஒரே ஒரு தடவை பேசினாள்.

"நான் எதுக்கு பாஸ் அவசரப்பட்டுப் போன் பண்ணினேன்?"

அவள் பை கோட்டானின் தோளில் இருந்தது. எப்போது வாங்கிக்கொண்டார் என்று அவளுக்கு நினைவில்லை.

அக்கா கடையில் கூட்டம் இல்லை. இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பெஞ்சில் கிடந்த காகிதக் கட்டை எடுத்து இடம் செய்து கொடுத்தாள். கோட்டான்தான் சொன்னார். சுற்றி வளைக்காமல், நாலைந்து வாக்கியங்களில். திருடவில்லை. தடுக்கப் போனான். விழுந்துவிட்டான். அன்றைக்கே.

அக்கா அழவில்லை. இயந்திரத்தின் மூடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"அங்கயேவா இருந்தான்?"

"அங்கயேதான்."

"நான் அந்த ஆபீசுக்குப் போயிருக்கேன். நாலஞ்சு தடவை. விசாரிக்கறதுக்கு. பின்பக்கம் ஒரு பெஞ்சு இருக்கும், அங்கதான் உக்கார வைப்பாங்க. மெலிசா ஒரு சார் தண்ணி கொண்டு வந்து கொடுப்பார்."

துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"விழுந்ததும் உசுரு போயிடுச்சா? இல்ல, கிடந்தானா?"

கேள்வி கோட்டானை நோக்கித்தான் வந்தது. இவளிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. பட்டாசு முந்திக்கொண்டாள்.

"உடனேதான்க்கா. தெரிஞ்சே இருக்காது."

கோட்டான் தலையைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

அக்கா தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சட்டைப்பைக்குள் என்னென்னவோ சொற்களைத் தேடுகிறவள்போல் பட்டாசு நின்றாள். கடைசியில் கையில் கிடைத்ததைச் சொன்னாள்.

"இனிமே ஒருத்தரும் அவரைத் திருடன்னு சொல்ல முடியாதுக்கா. பேப்பர்லயே போடுவாங்க."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

கோபம் இல்லை அந்தக் குரலில். உண்மையிலேயே கேட்டாள்.

"இத்தனை வருஷமா இந்தத் தெருவுல எனக்குப் பேரு திருடனோட அக்கா. முகத்துக்கு நேராவே சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஓடிட்டான்னு அவங்களே சொல்றாங்க, அப்போ எங்கயோ இருக்கான்னு இருக்கும்."

வாசலில் ஒரு பெண் வந்து நின்று அடையாள அட்டை ஒன்றை நீட்டினாள். முன்னும் பின்னும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். அக்கா அட்டையை வாங்கி, கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடியை மூடினாள். மூடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் கசிந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் வெளியே வந்து விழுந்த பிறகும் எடுக்கவில்லை.